முன் டேங்க், பின் டேங்க்

நார்ஸ்மன்
மே 12, 2011

அன்புள்ள ஏவ்,

நீ போனை எடுக்கமாட்டேன் என்கிறாய். ஏழு தடவை அடித்துப் பார்த்தேன். எட்டாவது தடவை எனக்கும் ரோஷம் வந்துவிட்டது, அதனால்தான் கடிதம். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நெடுஞ்சாலை வேலைக்குப் போன முதல் வருஷம். அதில் பாதிக்குமேல் கம்பளிக் காலுறை அனுப்பு என்றுதான் இருந்திருக்கும்.

கேரவன் என் வீட்டுக்கு முன்னால் நிற்கிறது. உன் பாதி, என் பாதி இரண்டும் பிரியாமல்தான் நிற்கின்றன. பக்கத்து வீட்டுப் பூனை அச்சுக்கு அடியில் படுக்கை போட்டுவிட்டது. நீ விட்டுப்போன சாமான்கள்: படிக்கிற கண்ணாடி, தேயிலை டப்பா, பெரிய சீப்பு, ஷாம்பு பாட்டில், இரண்டு துண்டு. கண்ணாடி இல்லாமல் இதை எப்படிப் படிப்பாய் என்று இப்போதுதான் தோன்றுகிறது. யாரையாவது விட்டுப் படிக்கச் சொல்லாதே, நம் குடும்ப மானம் போய்விடும்.

நீ கல்கூர்லி பஸ்ஸில் ஏறி மூன்று வாரம் ஆகிறது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிளெம் அத்தான் போன பிறகு நாம் இரண்டு பேரும் சேர்ந்து இந்த வண்டியை வாங்கினபோது என்ன சொன்னாய்? "இனிமே மிச்சம் இருக்கிறது நாம ரெண்டு பேர்தான்டா, எங்கேயாவது போய்ப் பார்த்துடணும்" என்றாய். வடக்கே ப்ரூம் வரை போவதாகத்தான் பேச்சு. நடுக்குளிர்கால ஜூலையிலும் அங்கே சட்டை போடாமல் நடக்கலாம். இங்கே விடிகாலையில் கார் கண்ணாடியெல்லாம் உறைந்து கிடக்கிறது.

இத்தனைக்கும் காரணம் கொஞ்சம் தண்ணீர். வண்டியின் பின் தண்ணீர் டேங்க் வால்வு அடைத்திருந்தது, தட்டிவிட்டேன், தண்ணீர் வந்தது என்று அன்றே சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

எப்போது வருகிறாய்?

உன் தம்பி
லயல்


வயாலா
மே 26, 2011

லயல்,

கண்ணாடி வேறு வாங்கிவிட்டேன். தேயிலையை நீ குடித்துக்கொள். வண்டியை விற்றுவிடு.

வால்வு கதையை எழுத்திலும் எழுதி அனுப்பியிருக்கிறாய். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரிச் சமையலறையை நடத்தியவளிடம் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்வதற்கு முன் நீ யோசித்திருக்க வேண்டும்.

மடூராவுக்கு மேற்கே, சாலையோரத்து அந்தக் கூரைபோட்ட நிறுத்தத்தில் நாம் இரவு தங்கினோம். பாத்திரம் கழுவும்போது குழாய் இருமியது. முன் டேங்க் காலி. நான்தான் வால்வைப் பின் டேங்க்குக்குத் திருப்பினேன். அதிலும் காற்று. சிடூனாவில் இரண்டையும் நிரப்பினேன் என்று நீ சொல்லியிருந்தாய். மறுநாள் காலை குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டுகிறது. உன்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"ராத்திரி காத்து வந்துச்சு, இப்ப தண்ணி வருது. எங்கேருந்துடா வந்துச்சு?"

"வால்வுதான் அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. நீ டீயப் போடு."

டீயைப் போட்டேன். சிடூனாத் தண்ணீரில் டீ போட்டால் நாக்கின் ஓரத்தில் ஒரு கரிப்பு நிற்கும். அன்றைக்கு நான் குடித்தது மழைத்தண்ணீர் டீ. அந்த நிறுத்தத்தில் மழைத்தண்ணீர் எங்கே இருந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூரைக்குக் கீழே, மேடைமேல் இருந்த டேங்க்கில். "குடிக்க மட்டும். கேரவனில் நிரப்பாதீர்கள்" என்று பலகை வைத்திருக்கிற டேங்க்கில். வேலையில் இருந்தபோது நீயே உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவிய டேங்க்குகளில் ஒன்று. அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு வந்தாய்.

பெட்ரோலும் சாப்பாடும் கிடைக்கிற அடுத்த ரோட்ஹவுஸில் நாம் நின்றிருந்தபோது லாரியிலிருந்து அந்த ஹாலந்துக்காரியை இறக்கினார்கள். ஐம்பது வயதிருக்கும். சைக்கிளை மேலே கட்டியிருந்தார்கள். உதடு வெடித்திருந்தது. அந்த டேங்க்கை நம்பி வந்ததாகவும், குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை என்றும் சொன்னாள். வெயிலில் நாலு மணி நேரம் வண்டி வருமா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். நீ டயரைக் குனிந்து பார்க்கப் போய்விட்டாய். நல்ல டயர். அதில் ஒன்றும் இல்லை.

நீ தண்ணீர் எடுத்ததைவிட, என் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. அப்படிப்பட்ட ஆளோடு ப்ரூம் வரை ஒரு வண்டியில் போவது என்னால் ஆகாது.

ஏவிஸ்


நார்ஸ்மன்
ஜூன் 9, 2011

ஏவ்,

எடுத்தேன்.

இந்த ஒரு வார்த்தையை எழுத நாலு நாள் ஆயிற்று. மூன்று தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மூன்றிலும் வால்வு இருந்தது.

சிடூனாவில் முன் டேங்க்கை மட்டும்தான் நிரப்பினேன். மேற்குக் காற்று முகத்தில் அறைகிறது, பின் டேங்க்கையும் நிரப்பினால் இன்னும் எண்பது கிலோவை இழுக்க வேண்டும். வழியில் எங்கேயாவது நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்தச் சாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நினைக்கிற நினைப்பா இது? 'தண்ணீர் கேட்காதீர்கள்' என்று ஒவ்வொரு ரோட்ஹவுஸ் கல்லாவிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். எனக்கு மட்டும் தருவார்கள், எல்லாரும் தெரிந்தவர்கள் என்று ஒரு கொழுப்பு. தெரிந்தவர்கள் எல்லாரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார்கள் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது.

அன்று ராத்திரி குழாய் இருமினபோது நீ ஒன்றும் பெரிதாகச் சொல்லவில்லை. "மூணு நாளாச்சுடா தலைக்கு ஊத்தி, மண்டையெல்லாம் புழுதி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்தாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டுத் தூங்கியிருப்பேன். குடிக்கிற கேனில் பத்து லிட்டர் இருந்தது. தாகத்துக்குப் போதும், அது எனக்கும் தெரியும். ஆகவே தாகத்துக்கு எடுத்தேன் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை.

விடிவதற்கு முன் எழுந்து டேங்க்கைத் தட்டிப் பார்த்தேன். கோடை முழுக்க மழை இல்லாததால் அடியில் ஒரு சாண்தான் இருந்தது. நம் பின் டேங்க்கில் கால் பங்கு எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுவோம் என்று ஹோஸ் குழாயை மாட்டிவிட்டு அடுப்பு மூட்டப் போனேன். சுள்ளி பனியில் நனைந்திருந்தது, பற்றிக்கொள்ள நேரமாயிற்று. திரும்பி வந்து பார்த்தால் மேடை டேங்க் காலியாகி அதன் குழாய் சொட்டிக்கொண்டிருக்கிறது. கால் டேங்க் என்று நினைத்தது அரைக்கு மேலே ஏறிவிட்டது. எடுத்ததைத் திருப்பி ஊற்றியிருக்கலாம். மேடை உயரம், ஏணி இல்லை, நீ எழுந்துவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அந்த அம்மாளை லாரியிலிருந்து இறக்கியபோது டயரைப் பார்க்கிறேன் என்று நழுவினேன், ஏவ். டயருக்குப் பக்கத்தில் வாந்தி எடுத்தேன். நீ பார்க்கவில்லை.

வண்டியை விற்கச் சொன்னாயே. சனிக்கிழமை ஒருவன் வந்தான். பக்கத்து ஊர்க் கம்பால்டாக்காரன், மனைவியும் கூட வந்திருந்தாள். எல்லாம் பிடித்துப்போய், குனிந்து டேங்க்கைத் தட்டி, "ஒழுகுமா?" என்று கேட்டான். "நல்லா ஒழுகும்" என்றேன். போய்விட்டான்.

டேங்க் ஒழுகவில்லை. இதையும் என் பொய்களோடு சேர்த்துக்கொள்.

லயல்


வயாலா
ஜூன் 24, 2011

லயல்,

அந்தக் கம்பால்டாக்காரனிடம் பொய் சொன்னது தப்பு. நல்ல வண்டியைக் கெட்ட வண்டி என்று சொன்னால் அது நாளைக்கு ஊரெல்லாம் பரவும். வண்டியில் பாதி என்னுடையது.

நீ வாந்தி எடுத்தது எனக்குத் தெரியாது.

இங்கே தினமும் வானிலைச் செய்தியில், அந்தச் சாலையில் இருக்கிற யூக்லாவுக்கு மழை உண்டா என்று கேட்கிறேன். போன வாரம் இரண்டு மில்லிமீட்டர். அந்தக் கூரையின் பரப்புக்கு இரண்டு மில்லிமீட்டர் மழை பெய்தால் எத்தனை லிட்டர் சேரும் என்று தாளில் போட்டுப் பார்த்தேன். இரண்டு பேர் சைக்கிளில் வந்தால் தீர்ந்துபோகும். அதுவும் மடூராப் பக்கம் பெய்ததா, கடற்கரையோடு போய்விட்டதா, யார் கண்டார்கள்?

கடிதத்தை முடிப்பதற்கு முன் வேறொன்றும் எழுத நினைத்தேன். வேண்டாம், பிறகு பார்க்கலாம். பக்கத்து வீட்டு ஐவி வந்துவிட்டாள், எலுமிச்சம்பழம் வேண்டுமாம்.

பூனையை வண்டிக்கு அடியில் படுக்க விடாதே. குழாய்களைக் கடித்துவைக்கும்.

ஏவிஸ்

பி.கு. அந்த ஷாம்பு பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடு.


சிடூனா
ஜூலை 10, 2011

அன்புள்ள ஏவ்,

கடிதத்தின் தலையில் ஊரைப் பார்த்ததும் திடுக்கிட்டிருப்பாய். பூனையை எழுப்பிவிட்டு வண்டியை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

நார்ஸ்மனில் இரண்டு டேங்க்கையும் கழுவி, மருந்து போட்டு அலசி, முன்னும் பின்னும் கழுத்துவரை நிரப்பினேன். நூற்றறுபது லிட்டர். நல்ல தண்ணீருக்கென்று வைத்த வெள்ளை ஹோஸ்தான், தோட்டத்து ஹோஸ் இல்லை. நீ கேட்பாய் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வாழ்க்கையில் இத்தனை பாரத்தோடு அந்தச் சாலையில் போனதில்லை. காற்றும் முகத்துக்கு நேரே. இந்தப் பக்கம் போனாலும் முகத்துக்கு நேரே, அந்தப் பக்கம் போனாலும் முகத்துக்கு நேரே!

முதலில் ரோட்ஹவுஸில் இறங்கினேன். கல்லாவில் நோயலின் இருந்தாள், அன்றைக்கு இருந்த அதே அம்மாள். டேங்க்கில் தண்ணீர் ஊற்றலாமா, யாரிடம் கேட்க வேண்டும் என்றேன்.

"ஊத்துறதுக்கு யாருய்யா உத்தரவு கேக்குறா? எடுக்குறதுக்கே ஒருத்தனும் கேக்க மாட்டேங்குறான்."

"போன ஏப்ரல்ல அதக் காலி பண்ணது நான்தான்."

"தெரியுமே."

"எப்படித் தெரியும்?"

"மழையே இல்லாத ஊர்ல அன்னிக்குத் தலை ஈரமா வந்து எறங்குனது உங்க அக்கா ஒருத்திதான். வெள்ளைத் துண்டு வேற சுத்தியிருந்தாங்க." சொல்லிவிட்டு எனக்கு ஏணியைக் கொடுத்தாள், திரும்பி வரும்போது கொடுத்தால் போதுமாம். பை நிறைய ரொட்டியும் கொடுத்தாள். "மூட்டு வலிக்காரன் மாதிரி இருக்கே, பாத்து ஏறு" என்றாள்.

டேங்க்கைத் தட்டினேன். மூன்று விரல் உயரம்கூட இல்லை. மூடி கூரைக்கு அடியில் இருக்கிறது, கை போகவில்லை. அதனால் கூரைமேலேயே ஊற்றினேன். முதலில் துடைப்பத்தால் பெருக்கி, பறவை எச்சத்தையெல்லாம் தள்ளிவிட்டேன். முதல் பத்து லிட்டரைத் தரையில் போகவிட்டேன். அப்புறம் வண்டியின் பம்பைப் போட்டு, ஹோஸை ஏணியில் கட்டி, தகரத்தில் தண்ணீர் விட்டேன். அது ஓடிக் கூரை விளிம்புக் கால்வாயில் இறங்கி, டேங்க்குக்குள் விழுகிற சத்தம் இருக்கிறதே, வேலையில் இருந்த காலத்தில் அதைக் கேட்டால் நாங்கள் எல்லாரும் கருவியைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவோம்.

விக்டோரியாவிலிருந்து ஒரு ஜோடி வந்து நின்றது. அந்த ஆள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தான்.

"என்ன பெரியவரே, மழை வரலேன்னு நீங்களே பெய்ய வைக்கிறீங்களா?"

"ஆமா. நீ வேணா இடி இடி."

அவன் சிரித்துவிட்டு நேராகப் போய் ஹோஸ் எடுத்தான். என் கண்ணெதிரில் அவன் கேரவனில் மாட்டப் போனான். நான் ஏணியிலிருந்து கத்தினேன். பலகையைப் படிக்கத் தெரியாதா என்றேன்.

"இது உங்கப்பன் வீட்டு டேங்க்கா? நீ எடுத்ததே இல்லையா?"

ஏவ், நான் கீழே இறங்கி வந்தேன். முழுவதையும் சொன்னேன். குழாய் இருமினதிலிருந்து உதடு வெடித்தது வரை. அவன் மனைவி ஹோஸைச் சுருட்டி வைத்தாள். அவன் தன் டேங்க்கிலிருந்து இருபது லிட்டர் கொடுத்தான். முனகிக்கொண்டுதான் கொடுத்தான், ஆனாலும் கொடுத்தான்.

இப்போது தட்டினால் டேங்க் தகரத்தின் இரண்டாவது வரிவரை நிற்கிறது. நான் எடுத்ததற்கு மேலேயே ஊற்றிவிட்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அந்த அம்மாள் ஒரு நாள் வந்து திறந்தபோது இல்லாமல் போனதை நான் இன்றைக்கு ஊற்றி என்ன ஆகப்போகிறது? ஏணி வாங்கும்போதே நோயலினிடம் அவளைப் பற்றிக் கேட்டிருந்தேன். இரண்டு நாள் இருந்து, உடம்பு தேறி, சைக்கிளிலேயே பெர்த் வரை போய்ச் சேர்ந்தாளாம். அங்கிருந்து ஒரு தபால் அட்டை போட்டிருந்தாள். தண்ணீர் கொடுத்த அம்மாளுக்கு நன்றி சொல்லச் சொல்லி எழுதியிருந்தாளாம்.

அது யார், நீயா? நீ சொல்லவே இல்லையே.

இங்கே இரண்டு வாரம் இருப்பேன், தபால் நிலைய முகவரிக்கே எழுது. வண்டியை விற்க வேண்டும் என்று இன்னும் நினைத்தால் இங்கேயே விற்கிறேன். இந்தத் தடவை ஒழுகும் என்று சொல்ல மாட்டேன்.

மன்னித்துக்கொள்.

லயல்


வயாலா
ஜூலை 17, 2011

அன்புள்ள லயல்,

உன் கடிதம் வந்து இரண்டு நாள் ஆகிறது. நோயலின் சொன்னதாக எழுதியிருந்தாயே, அந்த இடத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஐவி கதவைத் தட்டினாள், திறக்கவில்லை.

போன தடவை எழுதாமல் விட்டதை இப்போது எழுதுகிறேன்.

அன்று விடிகாலையில் நான் விழித்துத்தான் இருந்தேன். நீ கதவை மெதுவாகச் சாத்தினது, டேங்க்கைத் தட்டினது, எல்லாம் கேட்டது. ஹோஸை மாட்டினதும் கேட்டது. என் கட்டிலுக்கு நேர் அடியில்தான் பின் டேங்க் இருக்கிறது. வெறும் பிளாஸ்டிக்கில் தண்ணீர் விழுகிற சத்தம், அப்புறம் தண்ணீர்மேல் தண்ணீர் விழுகிற சத்தம். எங்கே இருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பலகையைச் சாயங்காலம் நானும் படித்தேன். எழுந்து ஜன்னலைத் திறந்து "போதும்டா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ நிறுத்தியிருப்பாய். சொல்லவில்லை. போர்வையை இழுத்துக்கொண்டு, இன்றைக்குத் தலைக்கு ஊற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். சந்தோஷமாகத்தான் படுத்திருந்தேன், லயல்.

காலையில் எங்கேருந்து வந்தது என்று உன்னைக் கேட்டேனே, அது தெரிந்துகொண்டே கேட்ட கேள்வி. நீ பொய்யாகப் பதில் சொன்னாய், நான் பொய்யாகக் கேட்டேன். நீயே சொல்லிவிட்டால் பழி முழுக்க உன்னுடையது, நான் திட்டிவிட்டுக் குளிக்கலாம் என்று கணக்குப் போட்டேன். நீ வால்வு என்றதும் இன்னும் வசதியாகப் போயிற்று. மத்தியானம் வழியில் சாப்பிட நின்றபோது இரண்டு தடவை ஷாம்பு போட்டு அலசினேன்.

அந்த ஹாலந்துக்காரிக்குத் தண்ணீர் கொடுத்தது நான்தான். ஜாடியில் நம் குழாயிலிருந்து பிடித்து, மடக்கு மடக்காகக் கொடுத்தேன். ஈரத் தலையோடு. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உயிர் குடுத்தீங்கம்மா" என்றாள். அவளுடைய தண்ணீரையே அவளுக்குக் கொடுத்துவிட்டு நன்றி வாங்கிக்கொண்டேன். அதற்கப்புறம் உன் முகத்தைப் பார்க்கிற ஒவ்வொரு தடவையும் அது ஞாபகம் வந்தது. உன்மேல் கோபம் என்று சொல்லிக்கொண்டு பஸ் ஏறினால் அதைப் பார்க்க வேண்டியதில்லை. மூன்று மாதம் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நான் நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு.

வண்டியை விற்காதே.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். சாயங்காலம் சிடூனாவில் இறங்குவேன். ப்ரூமுக்குப் போகிற வழியில் முதலில் அந்த டேங்க். நீ ஊற்றியது உன் பங்கு, என் பங்கு பாக்கி இருக்கிறது. ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், அல்லது நீ பிடி, நான் ஏறுகிறேன், உன் மூட்டைவிட என் மூட்டு தேவலை. மாநில எல்லைச் சோதனையில் தேனைப் பிடுங்கிக்கொள்வார்கள், அதனால் தேன் கொண்டுவரவில்லை. தேயிலை கொண்டுவருகிறேன், நீ குடித்துத் தீர்த்திருப்பாய்.

என்னைப் பார்த்ததும் சிரிக்காதே. முடியை வெட்டிவிட்டேன். காதுக்குமேல், ஆம்பிளைப் பிள்ளை மாதிரி. ஐவிதான் வெட்டினாள், கொஞ்சம் கோணல். ஒரு குவளைத் தண்ணீர் போதும் இப்போது.

இரண்டு டேங்க்கையும் நிரப்பி வை. வந்ததும் இரண்டையும் தட்டிப் பார்ப்பேன். வழியில் எந்த நிறுத்தத்திலாவது விடிகாலையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டால், இந்தத் தடவை எழுந்து வருவேன்.

உன் அக்கா
ஏவ்